நவம்பரில் வாசித்த பெயர்

கிரிவெல்ல தோட்டத்தின் கீழ் டிவிசனில் லயம் என்னும் வரிசைவீடுகளில் இருக்கும் தொழிலாளருக்குத் தனிவீடுகள் கட்டுவதற்காக நிலம் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பெக்கோ வண்டி ஆற்றோரத்து மேட்டை வெட்டி மண்ணை ஒதுக்கியபோது, வாளிப் பல்லில் மாட்டிக்கொண்டு ஒரு மண்டையோடு மேலே வந்தது. வண்டி ஓட்டியவன் இயந்திரத்தை ஓடவிட்டபடியே குதித்து இறங்கி, தோட்டத்து ஒப்பீஸ் வரைக்கும் ஓடியிருக்கிறான்.

பிலோமினம்மா அப்போது ரப்பர் மலையில் சிரட்டைகளிலிருந்து பாலைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவன் தோமஸ் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தான்.

"ஆத்தோரத்து மேட்டுல எலும்பு வந்துருக்கு. ஒரு ஆளோடது இல்லையாம். குமிஞ்சு கெடக்காம்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். ஒரு சொட்டுப் பால் சிந்தாமல் வைத்தாள் என்று தோமஸ் பிறகு பலரிடம் சொன்னான். அந்த நிதானம்தான் அவனைப் பயமுறுத்தியது.

யாருடைய எலும்பு என்று தோட்டத்திலும் சரி, சுற்றியிருந்த சிங்களக் கிராமங்களிலும் சரி, ஒருவரும் கேட்கவில்லை. எண்பத்தொன்பது என்று சொன்னால் போதும், புளத்கொகுபிட்டியப் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய எவருக்கும் விளங்கும். அரசாங்கத்தை எதிர்த்துச் சிங்கள இளைஞர்கள் கிளர்ச்சி செய்ய, அதை அடக்கப் படையினர் இறங்கி, பையன்கள் வீட்டிலிருந்தும் ரோட்டிலிருந்தும் காணாமல்போன வருடம் அது. ஆற்றில் மிதந்து வந்தவர்கள் உண்டு, டயரோடு எரிந்து கிடந்தவர்கள் உண்டு. ஒன்றுமே கிடைக்காமல் போனவர்கள்தான் அதிகம்.

பிலோமினம்மாவின் அண்ணன் சாள்ஸ் அப்படிப் போனவன். அவனுக்கு அரசியல் என்று எதுவும் கிடையாது, கரப்பந்துதான் உயிர். கிராமத்துப் பையன்களோடு ஆடி ஆடி அவர்களைப் போலவே சிங்களம் பேசுவான். அவனுடைய கூட்டாளி சுனில். சுனிலின் மேல் யாருக்கு என்ன சந்தேகமோ தெரியாது. ஒரு நாள் பட்டப்பகலில், சந்தியில் ஜவ்பரின் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் இருவரும் சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தபோது, நம்பர் தகடு இல்லாத வண்டியொன்று வந்து நின்றது. சுனிலைப் பிடித்து ஏற்றினார்கள். "இவன் என்ன செய்தான் சேர்?" என்று சாள்ஸ் கேட்டிருக்கிறான். சிங்களத்தில்தான் கேட்டான். அவனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அம்மா இராணுவ முகாம் முகாமாக அலைந்தாள். சுனிலின் மனைவி சோமலதாவும் கூடவே போவாள். கல்யாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். வாசலில் நிற்கும் காவல்காரனிடம் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பேசுவாள், அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டுவாள். அப்படித் தொடங்கிய பழக்கம். அம்மா செத்த பிறகு அந்த இடத்துக்குப் பிலோமினம்மா வந்தாள்.

தோட்டத்து அந்தோனியார் கோயிலில் வருடா வருடம் நவம்பர் மாதம் கல்லறைத் திருநாளன்று, செத்தவர்களின் பெயர்களைப் பூசையில் வாசிப்பார்கள். சாள்ஸ் போன அடுத்த வருடம், அப்போதிருந்த சாமியார் இரக்கப்பட்டு, அவன் பெயரையும் சேர்க்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"செத்தவங்க பேரோட எம்புள்ள பேர வாசிச்சா, நான் இந்தக் கோயில் வாசப்படி மிதிக்கமாட்டேன் சாமி."

சாகும்வரைக்கும் அவள் அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. பிலோமினம்மாவும் கொடுக்கவில்லை. அப்பா, அம்மா, ஒன்றுவிட்ட சித்தப்பா என்று எல்லோருக்கும் பூசை நடந்தது. சாள்ஸுக்கு மட்டும் மெழுகுவர்த்தி கிடையாது.

நீதவான் வந்து பார்த்துவிட்டு, முறைப்படி தோண்டச் சொல்லி உத்தரவு போட்டார். மேட்டைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியரும் அவருடைய ஆட்களும் வந்து தகரக் கூரை போட்டு, தூரிகையும் சின்னக் கரண்டியுமாகக் குழிக்குள் உட்கார்ந்தார்கள். காணாமல்போனவர்களின் குடும்பத்தாரை வரிசையில் நிற்கவைத்து, வாய்க்குள் பஞ்சுக் குச்சியை விட்டு எச்சில் எடுத்தார்கள். அந்த முடிவு வர மாதக்கணக்காகும் என்றார்கள்.

பேராசிரியரின் ஆட்களில் தமிழ் பேசக்கூடியவள் நுஸ்கா ஒருத்திதான். வரக்காப்பொலப் பக்கத்து முஸ்லிம் பெண். பழைய காலத்து யுத்தங்களைப் பற்றிப் படிப்பவள் என்றார்கள். வேலை முடிந்து பிலோமினம்மாவும் சோமலதாவும் நாடாவுக்கு வெளியே வந்து உட்கார்ந்தால், அவள்தான் வந்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவாள். எதைக் கேட்டாலும் சொல்ல முடியாது என்ற ஒரே பதில்தான்.

"எனக்கு ஒண்டும் செல்ல ஏலா அன்ட்டி. கோர்ட்ல ஈக்கிற விசயம்."

ஒரு நாள் பிலோமினம்மா மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டாள்.

"மிஸ், எங்க அண்ணனுக்கு எடது கை ஒடஞ்சு கூடுனது. நாட்டு வைத்தியம் பாக்கிற வெதமாத்தயா கட்டுனது. கொஞ்சம் கோணலாத்தான் கூடுச்சு. அப்படி ஏதும் இருக்கா?"

நுஸ்கா குழிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரும் அருகில் இல்லை.

"ஒராள்ட எடது கை அப்பிடி ஈக்கி," என்றாள் மெல்ல. "ஆனா அன்ட்டி, அத மட்டும் வெச்சி..."

மீதியைப் பிலோமினம்மா கேட்கவில்லை. அவள் சோமலதாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சோமலதாவுக்கு அவ்வளவு தமிழ் விளங்கும். சாள்ஸ் இங்கே என்றால் சுனிலும் இங்கேதான்; ஒரே வண்டியில் போனவர்கள். இரண்டு பேரும் நாடாவுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்கள். தோண்டிக்கொண்டிருந்தவர்கள் கரண்டிகளைக் கீழே வைத்துவிட்டு, அழுகை அடங்கும்வரை தலைகுனிந்து நின்றார்கள்.

அது ஒக்டோபர் கடைசி. சோமலதா, செத்துப்போனவர்களுக்குக் கொடுப்பதுபோல் கிராமத்து விகாரைக்குத் தானம் கொடுத்து, சுனிலுக்குப் புண்ணியம் சேர்த்தாள். பிலோமினம்மா கோயிலுக்குப் போனாள். இப்போதிருக்கும் சாமியார் வயதில் இளையவர், பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது.

"எங்க அண்ணன் பேரு சாள்ஸ். இந்த வருசம் வாசிங்க சாமி," என்றாள்.

"எப்ப எறந்தாரும்மா?"

அவள் யோசித்தாள். "எண்பத்தொம்பதுல," என்று சொன்னபோது அவளுடைய குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது.

கல்லறைத் திருநாளன்று மழை பெய்தது. வரிசையாகப் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்த சாமியார், "சாள்ஸ்" என்றபோது பிலோமினம்மா முழங்காலில் நின்றாள். வெளியூரில் வேலை செய்யும் மகள் அனிற்றா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், பிலோமினம்மா அண்ணனின் பழைய படத்துக்கு முதல் தடவையாக மாலை போட்டாள். அன்றைக்கு அவள் பசியோடு சாப்பிட்டாள். ஒரு பாரத்தை இறக்கிவைத்தவள் மாதிரி இருந்தாள் என்று மகள் அப்பாவிடம் சொன்னாள். அனிற்றாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா, ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய்விட்டுத்தான் வருவாள். அந்த நவம்பருக்குப் பிறகு போகவில்லை.

முடிவு பெப்ரவரியில் வந்தது. எல்லாக் குடும்பங்களையும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு வரச்சொன்னார்கள். பகலில் குழந்தைகளைத் தூங்கப்போடும் அறை அது. தொட்டில்களை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கதிரை போட்டிருந்தார்கள். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, படம் காட்டும் மெஷினையும் வைத்திருந்தார்கள். பேராசிரியர் சிங்களத்தில் பேசினார். நுஸ்கா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள்.

எலும்பில் இருக்கும் கார்பனை வைத்து வயதைக் கணக்கிட்டார்களாம். இரண்டு நாட்டு ஆய்வுக்கூடங்களில் தனித்தனியாகப் பார்த்தார்களாம். இவர்கள் செத்து ஏறக்குறைய நானூறு வருடம் என்றார் பேராசிரியர்.

பிலோமினம்மாவுக்குச் சிங்களத்திலேயே விளங்கிவிட்டது. ஆனாலும் நுஸ்காவின் முகத்தைப் பார்த்தாள், தமிழில் வேறு ஏதாவது வரக்கூடும் என்பது போல. நுஸ்கா அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு அதே வார்த்தைகளைச் சொன்னாள்.

பேராசிரியர் நல்ல மனிதர். ஊரார் மனம் தெரிந்து, மெதுவாகத்தான் பேசினார். போர்த்துக்கேயரின் படையும் மலைநாட்டு ராஜாவின் படையும் இந்தப் பள்ளத்தாக்குகளில் மோதிய காலத்து ஆட்கள் இவர்கள் என்றார். வெட்டு விழுந்த எலும்புகளையும், முள்ளந்தண்டில் சிக்கியிருந்த ஈயக் குண்டையும் படத்தில் காட்டினார். அந்தக் காலத்துச் சண்டைகளைப் பற்றி ராஜாக்களும் தளபதிகளும் எழுதவைத்ததுதான் நம் கையில் இருக்கிறது, செத்த சிப்பாயைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே இந்தக் குழி ஆராய்ச்சி உலகத்துக்குப் பெரிய விசயம் என்று சொல்லும்போது, அவரை அறியாமலே அவர் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பின்வரிசையில் யாரோ, "அப்ப கேஸ் முடிஞ்சுது, வீட்டு வேலயத் தொடங்கலாம்," என்று முணுமுணுத்தார்கள்.

சோமலதா எழுந்து நின்றாள். தலை முழுக்க நரைத்துவிட்டது அவளுக்கு. வெள்ளைச் சேலை உடுத்தி வந்திருந்தாள்.

"அப்படியென்றால் எங்கள் ஆட்கள் எங்கே சேர்?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். அது தங்களால் சொல்லக்கூடியதல்ல என்றார். சோமலதாவின் கேள்வியைத் தமிழில் சொல்லவேண்டிய நுஸ்கா, தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்றைக்குப் பிலோமினம்மா அழவில்லை. மறுநாள் வழக்கம்போலப் பால் வெட்டப் போனாள். முப்பது வருடத்துக் கை. பட்டையை மட்டும் சீவும், மரத்தைத் தொடாது. அன்றைக்குக் கத்தி பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கியது. ஒரு மரம் இல்லை, மரத்துக்கு மரம் காயம். கங்காணி பார்த்தார். கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போங்கம்மா," என்றார்.

அன்று பின்னேரம் நுஸ்கா பிலோமினம்மாவின் லயத்து வீட்டுக்கு வந்தாள். தோமஸ் வாசலில் வழியை மறித்து நின்றான்.

"இன்னும் என்ன எடுக்க வந்தீங்க? எச்சிலயும் எடுத்தீங்க, அழவும் வச்சீங்க."

"விடுங்க," என்று உள்ளிருந்து பிலோமினம்மாவின் குரல் வந்தது. "புள்ள தனியா வந்துருக்கு. உள்ள வரச்சொல்லுங்க."

நுஸ்கா பலகையில் உட்கார்ந்தாள். மாலை போட்ட படம் சுவரில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"அண்டைக்கு அந்தக் கையப் பத்தி நான் வாய் தொறந்தீக்கப்படாது அன்ட்டி."

"நான்தானே கேட்டேன்." பிலோமினம்மா தேத்தண்ணியை அவள் பக்கம் நகர்த்தினாள். "அவன் யாரு?" என்றாள்.

"ஆரு?"

"அந்தக் கை ஒடஞ்சவன். எங்கண்ணன்னு நெனச்சு அவனுக்குத்தானே நான் அழுதேன். யாருன்னு தெரியவேணாமா?"

நுஸ்கா யோசித்து யோசித்துச் சொன்னாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். பல்லில் கோடு கோடாக இருக்கிறது. சின்ன வயதில் சாப்பாடு கிடைக்காமல் போனால், பல் வளரும்போது அப்படிக் கோடு விழும். இந்த மலைப் பக்கத்தில் பிறந்தவன் இல்லை. பல்லில் ஊறியிருக்கிற உப்பையும் தாதுவையும் வைத்துப் பார்த்தால், கடலோரத்தில் வளர்ந்தவன் மாதிரித் தெரிகிறது.

"இந்தியாக் கரையில இருந்து கூட்டி வந்தவனா ஈக்கலாம்," என்றாள். "அந்த நேரம் போர்த்துக்கீசர் அங்கயிருந்தும் சண்டைக்கு ஆள் கொண்டு வந்தீக்கி. உறுதியா செல்ல ஏலா."

வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற தோமஸ் திரும்பினான்; அவனுடைய பாட்டன்மாரும் அந்தக் கரையிலிருந்து தோட்ட வேலைக்குக் கூட்டிவரப்பட்டவர்கள்தான்.

"எப்படிச் செத்தான்?" என்று கேட்டாள் பிலோமினம்மா.

நுஸ்கா தன் முதுகுப் பக்கம் கையைக் காட்டினாள். "பின்னால வெட்டு விழுந்தீக்கி. தப்பி ஓடக்கொள்ள வெட்டினது."

பிலோமினம்மா முந்தானையை வாயில் வைத்து அமுக்கினாள். முந்தின நாள் வராத அழுகை இப்போது வந்தது. அண்ணனுக்காக அழுகிறாளா, கடல் தாண்டிக் கொண்டுவந்து வெட்டுக்குக் கொடுத்த அந்தப் பையனுக்காக அழுகிறாளா என்று தோமஸுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"அவங்கம்மா வழி பாத்துக்கிட்டே இருந்திருப்பா," என்றாள் கடைசியில். "அந்தப் பக்கத்துக் கரையில நின்னுக்கிட்டு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் சாமியாரின் அறைக்குப் போனாள்.

"நவம்பர்ல ஒரு பேரு வாசிச்சீங்களே சாமி. அத எடுக்க முடியுமா?"

சாமியாருக்கு இதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது. கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"நீங்க செஞ்ச ஜெபம் வீணாப் போகாதும்மா. உயிரோட இருந்தாலும் எறந்திருந்தாலும் அவருக்கு அது போய்ச் சேரும்."

"ஜெபத்தப் பத்திக் கேக்கல சாமி. எங்கம்மா உசிரு போற வரைக்கும் அவன் செத்துட்டான்னு ஒரு வார்த்த சொல்லல. நான் சொல்லிட்டேன். எவனோட எலும்பயோ பாத்துட்டு, ஊரு முன்னால, கோயில்ல வச்சு நானே அவனச் சாகடிச்சிட்டேன். இத எப்படி எடுக்கிறது?"

அவர் இளைஞர். "எனக்குத் தெரியலம்மா," என்றார். அப்படிச் சொன்னதற்காகப் பிலோமினம்மா அவரை மதித்தாள். வேறு ஏதாவது ஆறுதல் சொல்லியிருந்தால் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டாள்.

வீட்டுக்கு வந்து படத்திலிருந்து மாலையைக் கழற்றினாள். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். குப்பையில் போட முடியவில்லை. கடைசியில் தோமஸ்தான் வாங்கிக்கொண்டு போய் ஆற்றில் விட்டான்.

மாலையைக் கழற்றினாளே தவிர, பழைய காத்திருப்பு அவளுக்குத் திரும்பி வரவில்லை. ரோட்டில் வண்டி நின்றால் கால் எழும்பியது, மனம் எழும்பவில்லை. அவன் செத்துவிட்டான் என்று நம்ப அவளிடம் ஓர் எலும்பும் இல்லை. இருக்கிறான் என்று நம்பவோ, அம்மாவுக்கு இருந்த பிடிவாதம் இல்லை. சோமலதாவிடம் போய்ச் சொன்னாள்.

சோமலதாவின் வீட்டு முற்றத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கிளறிவிட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நானும் தானம் கொடுத்தேனே நங்கி," என்றாள் சிங்களத்தில், தங்கையைக் கூப்பிடுவது போல. "திருப்பி வாங்கவா முடியும்? யாருக்குப் போய்ச் சேர்கிறதோ சேரட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் குழிக்குள் கிடந்தவர்களுக்கு வேறு யார் தானம் கொடுத்திருக்கப்போகிறார்கள்?"

"ஒங்களுக்கு அப்படி விட முடியுது அக்கே. எனக்கு முடியல."

"எனக்கு மட்டும் முடிகிறதா?" என்றாள் சோமலதா. பிலோமினம்மாவும் குந்தி உட்கார்ந்து மிளகிலிருந்து காம்புகளைப் பொறுக்கிப் போட்டாள்.

எலும்புகளைப் பெட்டிகளில் வைத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பார்க்க ஆட்கள் அதிகம் வரவில்லை. பிலோமினம்மா வந்து ரோட்டோரத்தில் நின்றாள். நுஸ்கா ஒரு பெட்டியின் மேல் கையை வைத்து அவளுக்குக் காட்டினாள். இன்னொரு பக்கத்தில் வீடு கட்ட நிலம் ஒதுக்கினார்கள். மேட்டைச் சுற்றி முள்கம்பி அடித்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் சிலர் வந்து படம் எடுத்துப் போனார்கள். பேராசிரியரின் கட்டுரை ஏதோ பெரிய சஞ்சிகையில் வந்ததாக நுஸ்கா டெலிபோனில் சொன்னாள். அந்த இடது கையின் படமும் அதில் இருக்கிறதாம்.

ஓகஸ்ட் மாதம் சோமலதா லயத்துக்கு வந்தாள். இவ்வளவு தூரம் ஏறி வருகிறவள் இல்லை அவள். இரத்தினபுரிப் பக்கம், ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பாழடைந்த கிணறு ஒன்றைத் துப்புரவு செய்யும்போது எலும்பு அகப்பட்டிருக்கிறதாம். உறவுக்காரர் ஒருவர் சொன்னாராம்.

தோமஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓப்பநாயக்க எங்க இருக்கு, நம்ம எங்க இருக்கோம்? அவ்வளவு தூரம் கொண்டுபோயா போடுவாங்க?"

"வண்டியில தானே கொண்டு போனாங்க," என்றாள் பிலோமினம்மா. அவள் ஏற்கெனவே சேலை மாற்றப் போய்விட்டாள்.

புளத்கொகுபிட்டியவிலிருந்து அவிசாவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இரத்தினபுரிக்கு ஒரு பஸ், பிறகு இன்னொன்று. கடைசி பஸ்ஸில்தான் இருவருக்கும் சேர்ந்து உட்கார இடம் கிடைத்தது. சோமலதா பாண் ரொட்டியும் வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தாள். பிய்த்துப் பாதியைக் கொடுத்தாள்.

"நான் எதுக்கு வாறேன்னு எனக்கே தெரியல அக்கே," என்றாள் பிலோமினம்மா. "செத்துட்டான்னு சொல்லிட்டேன். சாகலன்னு மாலையக் கழட்டிட்டேன். இப்ப மறுபடி எலும்பு பாக்கப் போறேன்."

சோமலதா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மென்றாள்.

"முதலில் எத்தனை வருடத்து எலும்பு என்று கேட்போம்," என்றாள். "இந்தத் தடவை, அதைக் கேட்டுவிட்டு அழுவோம்."

பிலோமினம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்தது. சோமலதா அவளைத் திரும்பிப் பார்க்காமலே கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓப்பநாயக்கவில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடையில் சோமலதா வழி கேட்டாள். கிணற்றைப் பார்க்க வந்தவர்களா என்று கடைக்காரர் கேட்டார். காலையிலிருந்தே ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்களாம், மொனராகலையிலிருந்துகூட ஒரு குடும்பம் வந்திருக்கிறதாம். தேயிலைக்கு நடுவே மேலே ஏறிப்போகும் கல் பாதையைக் காட்டினார். நல்ல ஏற்றம், ஓட்டோவில் போங்கள் என்றார்.

ஓட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இருவரும் ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.